மதகு வீட்டு மஞ்சள் வயல்

எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தல் முடிந்த கையோடு வைரக்கண்ணு என் கடைக்கு வந்தார். நான் அப்போது பாபநாசம் கடைத்தெருவில் போர்டு எழுதுகிற ஆள். கடைக்கு மூஸா ஆர்ட்ஸ் என்று பெயர். ஆர்ட்ஸ் என்று பன்மையில் இருந்தாலும் ஆள் நான் ஒருவன்தான். தேர்தலுக்காகச் சுவர் சுவராகச் சூரியன் போட்டுப் போட்டுத் தோள்பட்டை கழன்றுபோயிருந்தது. கறுப்பும் சிவப்பும் டப்பா டப்பாவாக மிஞ்சிக் கிடந்தன. கட்சிக்காரர்கள் ஜெயித்த சந்தோஷத்தில் அந்தப் பக்கமே வரவில்லை.

வைரக்கண்ணு பொதுப்பணித் துறையில் லஸ்கர். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் மதகு இருக்கும். மேலேயிருந்து உத்தரவு வந்தால் இரும்புச் சக்கரத்தைச் சுற்றி மதகின் ஷட்டரை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துச் செக்‌ஷன் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. மதகுக்குப் பக்கத்திலேயே சர்க்கார் கொடுத்த ஓட்டு வீடு. சுற்றிலும் வயல். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் மனுஷர் கிடையாது. அவர் பிறந்து வளர்ந்த தெரு, வயல்களுக்கு அந்தப் பக்கம் தென்னை மரங்களின் தலை தெரிகிற தூரத்தில் இருந்தது. அந்தத் தெருவில் யாரும் அவரோடு பேசுவதில்லை.

அன்றைக்கு மதகின் அளவுப் பலகைக்கு எண் எழுத வெள்ளைப் பெயின்ட் வாங்க வந்தார். வாங்கியும் போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெட்ராஸ் பெயின்ட் கம்பெனி ஒன்று எனக்கு அனுப்பிய காலண்டர் அங்கே தொங்கியது. மாசத்துக்கு ஒரு வெளிநாட்டுப் படம். அந்த மாசத்துக்கு ஒரு வயல். சரிவாக மேலேறிப் போகிற மஞ்சள் வயல், அதன் உச்சியில் ஒற்றை மரம். மரம் நேராக நிற்கவில்லை, யாரோ பிடித்துத் தள்ளியதுபோலச் சாய்ந்திருந்தது. வானத்தில் நீலமும் பச்சையும் வெள்ளையும் தனித்தனிக் கோடுகளாகப் புரண்டு கிடந்தன. அச்சடித்த காகிதத்திலேயே பிரஷ் போன தடம் தெரிந்தது. ஆள் இல்லை, மாடு இல்லை, ஒரு காக்கைகூட இல்லை. வரைந்தவன் பெயர் மூலையில் கிறுக்கலாக இருந்தது; எனக்குப் படிக்க வரவில்லை. இதெல்லாம் ஒரு படமா என்று, மாசம் முடிந்து தாளைக் கிழிப்பதற்காக நான் காத்திருந்தேன்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிற்கிறீர்களே என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "இதைப் போட்டவன் ஒண்டியா இருந்திருக்கான் பாய்" என்றார். பிறகு, இதுவும் எண்ணெய்ப் பெயின்ட்தானே, நாங்கள் ஷட்டருக்கு அடிப்பதும் எண்ணெய்ப் பெயின்ட்தானே, இதைப் பார்த்து நானும் போட முடியுமா என்று கேட்டார். முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சொல்லிவிட்டு, மாசம் முடியாமலே தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தேன். அவர் நின்ற நிற்பு அப்படி.

அவர் கதை சுற்றுவட்டாரத்துக்கே தெரிந்ததுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சம்பா நடவு நேரத்தில், கூலியை ஏற்றிக் கொடுத்தால்தான் வயலில் இறங்குவோம் என்று தெரு முழுக்க நின்றுவிட்டது. சுற்றியிருந்த நிலமெல்லாம் ஒரே மிராசுதாருடையது. அவர் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து இறக்கினார். தெருவில் சங்கத்தை நடத்தியவர் முருகையன். முருகையனின் தங்கை அம்சவல்லிதான் வைரக்கண்ணுவின் மனைவி. முருகையன் மதகுக்கு வந்து, "மாப்ளே, ஷட்டரை இறக்கிடுங்க. தண்ணி இல்லாம எவன் நடுறான்னு பாத்துப்புடலாம்" என்று கேட்டார்.

வைரக்கண்ணு இறக்கவில்லை. மிராசு வயலைத் தாண்டிக் கடைமடையில் சின்னச் சாகுபடிக்காரர்கள் இருந்தார்கள்; அவர்களுடைய நாற்றங்கால் காய்ந்துவிடும் என்றார். உத்தரவு இல்லாமல் ஷட்டரைத் தொட மாட்டேன் என்றும் சொன்னார். இரண்டில் எது முதல் காரணம் என்று நான் கேட்டதில்லை. நடவு நடந்தது. வயலில் தள்ளுமுள்ளு ஆகி, போலீஸ் வந்து, முருகையன் திருச்சி ஜெயிலுக்குப் போனார். தெரு கூடிப் பேசியது. லஸ்கரோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது, அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்கு அழைக்கக் கூடாது என்று முடிவாயிற்று. அம்சவல்லி அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தெருவுக்குப் போனாள். அண்ணன் வெளியே வருகிறவரைக்கும்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் வெளியே வந்தார். அவள் வரவில்லை.

ஷட்டரை இறக்கியிருந்தால் வேலை போயிருக்கும். இறக்காததால் வேலை ஒன்றுதான் மிஞ்சியது. யார் பக்கம் நியாயம் என்று என்னிடம் கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் எனக்கு வாடிக்கை உண்டு. அம்சவல்லி திரும்பி வருவாளா மாட்டாளா, அந்த மனுஷருக்கு உலகத்தில் இருந்தது இந்த ஒரே கேள்விதான். சாயங்காலமானால் மதகு மேடையில் ஏறித் தெருவின் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாராம். ஷட்டரைப் பார்க்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாராம். இதை அவரே என்னிடம் சொன்னார்.

முதல் படத்தை ஒரு பலகையில் போட்டு எடுத்துவந்தார். ஷட்டருக்கு வாங்கிய பெயின்ட்டிலேயே போட்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வானம் புது பஸ் மாதிரி பளபளவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு பிசிறு இல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஷட்டரில் பிரஷ் தடம் தெரிந்தால் ஓவர்சீயர் வந்து சுரண்டச் சொல்லி மறுபடி அடிக்க வைப்பார். தடம் தெரியாமல் பூசுவதற்கே அவர் கை பழகியிருந்தது. அந்த வெளிநாட்டுக்காரனோ தடத்தைத் தவிர வேறு எதையும் போடவில்லை. காகிதத்தை எடுத்துக் காட்டி, இங்கே பாருங்கள், இவன் பூசவில்லை, இழுத்திருக்கிறான் என்றேன். அவர் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஆமா பாய், இவன் கையே தெரியுது" என்றார்.

கும்பகோணத்தில் ட்யூப் கலர் கிடைக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் என் கடையிலேயே இருந்தன. காடாத்துணியை மரச்சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, புளியங்கொட்டைப் பசை தடவி, அதன்மேல் வெள்ளை பூசிக்கொள்ள வேண்டும். அதுவரைக்கும் எனக்குத் தெரியும். பேனர் கட்டுகிறவன் எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. நான் எழுத்துக்காரன். 'இவ்விடம் சைக்கிள் வாடகைக்கு விடப்படும்' என்பதை ஸ்கேல் இல்லாமல் நேராக எழுதுவேன், மரம் போடச் சொன்னால் துடைப்பம் மாதிரி வரும். ஆகவே குருடனும் குருடனும் கைபிடித்து நடந்த கதைதான் எங்களுடையது. இரண்டாவது படத்தில் எண்ணெயை அடியில் கொட்டிவிட்டு மேல்பூச்சை மெல்லிசாகக் கொடுத்தார். காய்ந்ததும் வானம் சித்திரை மாச வயல் மாதிரி வெடித்துவிட்டது. அடியில் மெல்லிசு, மேலே போகப் போக எண்ணெய் என்று அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது.

கறுப்பு இன்னொரு தொந்தரவு. என் கடையில் கறுப்பு மிஞ்சிக் கிடந்ததால் அள்ளி அள்ளிக் கொடுத்திருந்தேன். அவரும் மரத்துக்கும் நிழலுக்கும் கறுப்பை அப்பியிருந்தார். மரம் தீப்பிடித்து எரிந்து முடிந்த மாதிரி நின்றது. ஒரு நாள் மத்தியானம் அவரே சைக்கிளில் வந்து இறங்கினார். முகத்தில் ஒரு பரபரப்பு. மதகடித் தண்ணீரில் பனைமரத்து நிழல் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நிழல் கறுப்பாக இல்லையாம்; ஊதாவும் கரும்பச்சையுமாக இருந்ததாம். வீட்டுக்குள் ஓடிப்போய்க் காலண்டர் படத்தைப் பார்த்தால் அதிலும் கறுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லையாம். இத்தனை வருஷமாக அந்த நிழலைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்றார். டப்பாவில் மிச்சமிருந்த கறுப்பை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் பெரிய சண்டை வயலில்தான் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நானே மதகுக்குப் போனேன். சட்டத்தைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார். மரம் தேறியிருந்தது. மஞ்சளில் உயிர் வந்திருந்தது. ஆனால் மஞ்சளைக் குறுக்கும் நெடுக்குமாக அறுத்துக்கொண்டு பச்சைக் கோடுகள் ஓடின. என்ன இது என்றேன். வரப்பு என்றார். சரிவின் கீழ்க்கோடியில் ஒரு சின்னப் பிளவு இருந்தது. அது என்ன என்றேன். "வாமடை" என்றார். வயலில் தண்ணீர் விடவும் வடிக்கவும் வரப்பில் வெட்டுகிற வாய் அது. மலைச்சரிவில் வாமடை வைத்த முதல் ஆள் உலகத்தில் நீங்கள்தான் என்றேன்.

"தண்ணி வடிய வேணாமா பாய்?" என்றார், நிஜமாகவே கேட்டார். அது நெல் இல்லை, வேறு ஏதோ தானியம், மழையில் விளைவது, அதற்குத் தண்ணீர் கட்ட வேண்டியதில்லை என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை போனபோது வாமடை இல்லை, வரப்பு இருந்தது. காலண்டரில் எங்கே இருக்கிறது காட்டுங்கள் என்று கத்தினேன். "இல்லதான். ஆனா வரப்பு இல்லாம எது யாருதுன்னு எப்படித் தெரியும்?" என்றார். நாலு தலைமுறையாக அடுத்தவன் வரப்பில் நடந்த குடும்பம். அந்த வரப்புகளுக்குள் பாய்ந்த தண்ணீருக்காகப் பெண்டாட்டியையும் ஊரையும் இழந்த மனுஷர். கண் என்ன பார்த்தாலும் கை வரப்பைத்தான் போட்டது. சுரண்டுவார், மறுபடி மஞ்சள் இழுப்பார், காய்வதற்குள் ஓரத்தில் ஒரு வரப்பு முளைத்திருக்கும். நான் கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

அப்புறம் அந்த ஐப்பசி வந்தது. புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது என்றார்கள். மழையும் காற்றுமாக ஆறு இரண்டு கரையும் முட்டிக்கொண்டு வந்தது. வைரக்கண்ணு தன்னந்தனியாக மதகு மேடையில் நின்று எல்லா ஷட்டரையும் ஏற்றினார். வழக்கமாக இரண்டு பேர் சுற்றுகிற சக்கரம். மழை விட்ட பிறகு மேடையிலிருந்து பார்த்தாராம். வரப்பு ஒன்றைக்கூடக் காணோம். மிராசுதார் வயல், கடைமடைக்காரன் வயல், கோயில் வயல் என்று ஒரு பேதமில்லாமல் அடிவானம் வரை ஒரே விரிப்பாகக் கிடந்ததாம். அவர் பயந்துபோனாராம். அப்புறம் பயம் போய், பார்த்துக்கொண்டே நின்றாராம்.

வீட்டுக்குள் வந்து ஈரத்துணியை மாற்றாமல் அப்படியே பிரஷை எடுத்திருக்கிறார். சக்கரம் சுற்றிய கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தோடு இழுத்த இழுப்பில் வானம் வந்துவிட்டது. வயலில் வரப்பு வரவில்லை. மழைக்கு ஒதுங்க வந்த ஈசல் சில வானத்தில் ஒட்டிக்கொண்டு செத்தன. அதை எடுக்காமலே விட்டுவிட்டார். ஈரக்காற்றில் அந்தப் படம் மார்கழி வரைக்கும் காயவில்லை. காய்கிறவரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம்.

தை மாசம் போய்ப் பார்த்தேன். கேலி செய்யத்தான் போனேன், கேலி மறந்துபோயிற்று. காலண்டர் படத்தைவிட நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். மரம் கொஞ்சம் குள்ளம். ஆனால் படத்துக்குள் அந்தப் புயல் காற்று அடித்தது. அதன் முன்னால் நின்றபோது, இந்த வீட்டில் இரண்டு வருஷத்துக்கு மேலாக ஒரு மனுஷர் பேச ஆளில்லாமல் இருந்திருக்கிறார் என்பது எனக்கு முதல்முறையாக உறைத்தது. நன்றாக வந்திருக்கிறது லஸ்கர் என்றேன். அவர் காதில் அது விழுந்ததா தெரியவில்லை. "அம்சம் இதைப் பாக்கணும் பாய்" என்றார்.

பிறகும் அவர் படம் போட்டார். மதகைப் போட்டார், பனைமரத்தைப் போட்டார். ஆனால் எதிலும் ஆள் கிடையாது. ஆள் ஏன் போடுவதில்லை என்று கேட்டேன். வந்து நிற்க வேண்டுமே, யார் வருகிறார்கள் என்றார்.

அவள் வந்தாள். இரண்டு வருஷம் கழித்து, ஒரு பங்குனி மத்தியானத்தில் வந்தாள். மேட்டூர் அணையை மூடிய பிறகு வாய்க்கால் வறண்டுவிடும். அந்த மாசங்களில்தான் ஷட்டருக்குப் பெயின்ட் அடிப்பார்கள். வைரக்கண்ணு கையெல்லாம் காவிப் பெயின்ட்டோடு நின்றுகொண்டிருந்தபோது, வறண்ட வாய்க்காலுக்குள்ளேயே ஒரு பெண் நடந்துவருவது தெரிந்தது. கரைமேல் வந்தால் ஊர் பார்க்கும் என்று உள்ளே இறங்கி வந்திருக்கிறாள். நடையை வைத்தே தெரிந்துகொண்டாராம். பிரஷைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிப் படுக்கையைச் சுருட்டி, தண்ணீர்ப் பானையைக் கழுவியிருக்கிறார். இதை என்னிடம் சொல்லும்போது அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்சவல்லி வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே வா என்று கூப்பிட்டார். வரக் கூடாது, யாராவது பார்த்தால் விசாரணையில் சொல்லிவிடுவார்கள் என்றாள். அப்புறம் நின்ற இடத்திலேயே விஷயத்தைச் சொன்னாள். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததில், மிராசுதார் பிள்ளைக்கும் பேரனுக்கும் எழுதி வைத்தது போக மிச்சம் இருந்ததைச் சர்க்கார் எடுத்துக்கொண்டுவிட்டது. நிலமில்லாத கூலிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள். தெருவில் பல பேருக்கு வருகிறது. அம்சவல்லிக்கும் மூன்று மா, ஏக்கர் கணக்கில் சுமார் ஒன்று, வருகிறது. ஆனால் கர்ணம் தடுத்துவிட்டார். உன் புருஷன் சர்க்கார் உத்தியோகம், உனக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறார். புருஷன் கைவிட்ட பெண் என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் முன்னால் ருசுவானால் கொடுக்கலாமாம்.

"நீங்க என்னை விட்டுட்டதா சொல்லணும்" என்றாள்.

"நான் விடலையே, அம்சம்."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட கேக்க வந்தேன்."

எனக்கு இந்த இடத்தில் அவள் மேல் கோபம் வந்தது. அவரிடமே சொன்னேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டார். அவள் ஆத்தாளும் அவளுக்கு ஆத்தாளும் அந்த வயலில் நாற்று நட்டே இடுப்பு ஒடிந்தவர்கள், ஒரு குழி மண் யார் பெயரிலும் இருந்ததில்லை, இப்போது கைக்கு எட்டுகிறபோது விடச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

போவதற்கு முன்னால் அவள் இன்னொன்றும் சொல்லியிருக்கிறாள். "வெள்ளம் வந்துச்சே ஒரு ஐப்பசி, அப்பவே வந்துடலாம்னு இருந்தேன். நீங்க ஒத்த ஆளா சக்கரம் சுத்துறதை அங்கேர்ந்து பாத்துக்கிட்டுதான் நின்னேன். அண்ணன் முகத்தைப் பாத்துட்டு நின்னுட்டேன்." அப்புறம் திறந்திருந்த கதவு வழியாகச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இத்தனை நாளும் இதைத்தான் பண்ணிக்கிட்டிருந்தீங்களா?" என்றாள். அவர் ஆமாம் என்றார். அவள் வந்த வழியே வாய்க்காலுக்குள் இறங்கிப் போனாள்.

விசாரணை யூனியன் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பட்டா வழங்கும் விழாவுக்குப் பேனர் அளவெடுக்க நானும் அங்கே போயிருந்தேன். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கர்ணம். தெரு முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தது. முருகையன் ஜன்னலோரம் நின்றார். அம்சவல்லி பெண்களோடு பின்னால் இருந்தாள். வைரக்கண்ணு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

இவள் உன் மனைவியா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். ஆமாங்க என்றார். சேர்ந்து வாழ்கிறீர்களா என்று கேட்டார். இல்லைங்க என்றார். யார் யாரை விட்டது என்று கேட்டார்.

"நான்தாங்க விட்டேன்."

அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது பொய் என்று தெரியும். முருகையனுக்கு நன்றாகத் தெரியும். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இன்ஸ்பெக்டர் அனுபவஸ்தர், நிலத்துக்காக ஆடுகிற நாடகம் அவருக்கும் புதிதில்லை. காரணம் இல்லாமல் ஒருத்தன் பெண்டாட்டியை விடுவானா, நடத்தை சரியில்லையா என்று கேட்டார். பெண்கள் பக்கம் யாரோ மூச்சை இழுத்தார்கள். அப்படி ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் உடனே முடிந்துவிடும். நிலமும் வந்துவிடும். வைரக்கண்ணுவின் முகம் கறுத்தது.

"அவ மேல ஒரு குத்தமும் இல்லீங்க. நான் படம் போடுறவன். எண்ணெய்ப் பெயின்ட்ல. வீட்டுல ஒருத்தி இருந்தா அதுக்கு எடைஞ்சலா இருந்துச்சு. போயிடுன்னு சொல்லிட்டேன்" என்றார்.

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். படமா, நீயா, அதற்குச் சாட்சி உண்டா என்றார். வைரக்கண்ணு திரும்பி என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். ஆமாம், படம் போடுகிறார், என் கடையில்தான் எண்ணெய் வாங்குகிறார் என்று சொன்னேன். அவ்வளவும் சத்தியம். அவள் போனதால் வந்த படத்தை, அவள் போவதற்குக் காரணமாக அவர் தன் வாயாலேயே மாற்றிக்கொண்டார். அதற்கு நான் சாட்சி.

அம்சவல்லிக்குப் பட்டா வந்தது. விழாப் பேனரை நான்தான் எழுதினேன். அந்த வாரமே தெரு தன் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது. முருகையன் மதகுக்கு வந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எல்லாரும் பேசினார்கள். கல்யாணத்துக்கு அழைத்தார்கள், காதுகுத்துக்கு அழைத்தார்கள். பேசக் கூடாதவள் அம்சவல்லி ஒருத்திதான். பேசினால், சேர்ந்துவிட்டார்கள் என்று எவனாவது மொட்டைப் பெட்டிஷன் போடுவான், கொடுத்த நிலத்தைச் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளும். அவள் வயலுக்குத் தண்ணீர் போவது அவர் மதகு வழியாகத்தான். மதகைத் தாண்டிப் போகும்போது அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அவர் சக்கரத்தைத் துடைப்பார். நான் இரண்டு மூன்று தடவை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வேறு பேச்சு எடுப்பேன்.

எண்பத்தெட்டில் வேலையில் இருக்கும்போதே வைரக்கண்ணு செத்துப்போனார். மாரடைப்பு. மதகு மேடையில் கிடந்தார். தெருவே திரண்டு வந்து எல்லாம் முறையாகச் செய்தது. அம்சவல்லி பெண்களோடு பெண்ணாக வந்து, கூட்டத்தில் நாலாவது வரிசையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். முன்னால் வந்து உட்காரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. படங்களை நான் எடுத்துவந்தேன். பலது கரையான் அரித்துப் போயிற்று. அந்த மஞ்சள் வயல் மட்டும் என் வீட்டில் இருக்கிறது.

போன வருஷம், முருகையன் ஜெயிலிலிருந்து வந்த பிறகு பிறந்த மகன் இளையபெருமாள் கடைத்தெரு டீக்கடையில் நாலு பேரிடம் பேசிக்கொண்டிருந்தான். படித்தவன், மயிலாடுதுறையில் உத்தியோகம். மதகில் ஒரு லஸ்கர் இருந்தார், படம் போடுகிற பைத்தியத்தில் கட்டின பெண்டாட்டியை வீட்டை விட்டு விரட்டினார், எங்கள் அத்தைதான் அது என்று கதையாகச் சொன்னான். எல்லாரும் ரசித்துக் கேட்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. கிழவனுக்கு எதற்கு வீறாப்பு என்று பக்கத்தில் இருந்தவர்கள் இழுத்தார்கள். நான் விடவில்லை. நடந்தது என்ன என்று உன் அத்தையிடமே கேள், வா என்று அவனை அழைத்துக்கொண்டு போனேன்.

அம்சவல்லி களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை. அவளுடைய மூன்று மாவில் விளைந்த நெல். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சு, இத்தனை வருஷம் ஆகிவிட்டது, இனிமேல் நிலத்தை யாரும் பிடுங்க மாட்டார்கள், அவர் உன்னை விரட்டினாரா என்று இந்தப் பிள்ளைக்கு நீயே சொல்லு என்றேன்.

அவள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே இருந்தாள். இளையபெருமாள் முகத்தைப் பார்த்தாள். அவன் அப்பன் தண்ணீரை மறிக்கக் கேட்டதும், ஊர் கூடி ஒரு மனுஷரை ஒதுக்கியதும், பள்ளிக்கூடத்தில் அத்தனை பேரும் வாய் மூடி உட்கார்ந்திருந்ததும் சொன்னால்தான் மிச்சத்தைச் சொல்ல முடியும்.

"அவரு சபையில சொன்னதுதான் தம்பி" என்றாள். "படம் போடணும்னு என்னைப் போகச் சொன்னாரு."

இளையபெருமாள் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.